ஆட்டின் இதயமும் நம் ரெக்கார்டு நோட்டும்



நான் மெக்கானிக்கல் மாணவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புட் வால்வு தெரியும். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும்போது வால்வு கசிந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். சாணி கரைத்து ஊற்றி மோட்டாரைக் கிளப்புவார். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவதுதான் வால்வின் வேலை.

நம் இதயத்திலும் அப்படி நான்கு வால்வுகள். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இவற்றைக் கெடுத்துவிடும். என் அத்தைக்கு அப்படித்தான் ஆச்சு. இப்போது அவர் இதயத்தில் இருப்பது 'சித்ரா வால்வு'. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில், பொறியாளர் ஜி.எஸ்.புவனேஷ்வர் முதலானோர் உருவாக்கியது.

அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் மாதிரியில் வெல்டிங் செய்த டைட்டானியம் கால் உடைந்தது. அடுத்ததில் தேய்மானம் அதிகம். மூன்றாவதில் செயற்கை நீலக்கல் தட்டு; அது ஆட்டின் இதயத்துக்குள்ளேயே உடைந்தது. நான்காவதில் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவைச் சட்டம், பாலிஎத்திலீன் தட்டு. அதுதான் நின்றது. 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

ஏன் செம்மறி ஆடு? அதன் இதயத்தின் அளவும் ரத்த ஓட்டமும் மனிதனுக்கு ஓரளவு நெருக்கம். ஆனால் ஆடு செத்தால் மட்டும் போதாது. அது ஏன் செத்தது என்று எழுத வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஆட்டுக்கு வால்வு வைத்து மூன்று செத்துப்போக, "ஏழும் நலம்" என்று மட்டும் எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் உண்மையுமில்லை. அதை நம்பி அடுத்து மனிதனுக்கு வைப்பார்கள்.

இதற்காகவே 2010-இல் இங்கிலாந்திலிருந்து 'அரைவ்' என்ற வழிகாட்டி வந்தது, 2020-இல் திருத்தப்பட்டது. எத்தனை விலங்கு, அந்த எண்ணிக்கை ஏன், எதை எதற்காக விலக்கினீர்கள், எந்த விலங்குக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தீர்களா, முடிவைப் பார்த்தவருக்கு எது எந்தப் பிரிவு என்று முன்பே தெரியுமா, விலங்கின் இனம், வயது, எடை என்ன... எல்லாம் எழுதணும். எழுதாவிட்டால் இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்வார். இன்னும் சில ஆடுகள் வீணாகச் சாகும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டரில் இழுவிசைச் சோதனையில் என் கம்பி ஒன்று முன்கூட்டியே அறுந்தது. "ரீடிங் சரியா வரலடா" என்று நண்பனுடையதைப் பார்த்து எழுதினேன். முழு மார்க் கிடைத்தது. அறுந்த கம்பியை ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தை ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு, "வா தம்பி, சாப்பிடு" என்றார். உடைந்த தட்டை உடைந்தது என்று எழுதியவர்களால்தான் அந்தக் குரல் இன்றும் கேட்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு பட்டறையில் எதையாவது சோதிப்போம். அறுந்ததை அறுந்தது என்றே எழுதுவோம். இந்த வருட ரெக்கார்டில் நான் தொடங்கிவிட்டேன். மார்க் குறைந்தது, பரவாயில்லை.