கம்பு பெரிதா, கூண்டு பெரிதா?

குழந்தைகளே! அரியமங்கலத்தில் எங்கள் தெருவில் போன கோடை விடுமுறையில் ஒரு சண்டை நடந்தது. சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் எதிர் வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு. இரண்டு வருடமாகச் சிலம்பம் கற்கிறான். இன்னொருவன் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய பெரியப்பா மகன், ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதமாக 'எம்.எம்.ஏ.' வகுப்புக்குப் போகிறான்.

"கம்பைக் காத்துல சுத்துறதெல்லாம் ஒரு சண்டையாடா? கிட்ட வந்து பிடிச்சா என்ன செய்வே?" என்று பெரியவன் சீண்டினான். சின்னவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அண்ணன் மேல் அடி பட்டுவிடுமோ என்று சின்னவன் தயங்கிய ஒரு நொடியில், பெரியவன் குனிந்து உள்ளே புகுந்து, இடுப்பைப் பிடித்துச் சாய்த்துவிட்டான். அத்தோடு முடிந்தது.

அன்று மாலை சின்னவன் சிலம்ப வகுப்புக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கம்பு பரண் மேல் ஏறிவிட்டது. அவனுடைய பாட்டி என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, புள்ள சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குறான். நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார்.

இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நானும் விழுந்தவன்தான்!

1971-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்த 'ரிக்‌ஷாக்காரன்' படம் வந்தது. அதில் அவர் ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றுவார். படம் பார்த்த பையன்கள் எல்லோரும் கையில் கிடைத்ததைச் சுற்றினோம். ஒட்டடைக் குச்சி கூடத் தப்பவில்லை! பிறகு முறையாக ஓர் ஆசானிடம் சேர்ந்தேன். ஒரு வருடம் ஆனதும், என்னை வெல்ல ஆளில்லை என்ற நினைப்பு வந்துவிட்டது.

மல்யுத்தம் பழகிய ஒரு பையனிடம் வம்புக்குப் போனேன். அவன் என் கம்பின் வீச்சுக்குள் புகுந்து என்னைக் கட்டிப் பிடித்தான். அடுத்த நொடி நான் மண்ணில் கிடந்தேன். அழுதுகொண்டே ஆசானிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, "அவன் உன்னை ஜெயிக்கலடா, உன் தூரத்தை ஜெயிச்சான்" என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

தூரம்தான் ரகசியம்

ஒவ்வொரு சண்டைக் கலைக்கும் ஒரு தூரம் உண்டு. சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். ஆகவே எதிராளியைப் பல அடி தள்ளியே நிறுத்திவிடலாம். அதைவிடக் கிட்டத்தில் கால் எட்டும், உதை அங்கேதான். இன்னும் கிட்டத்தில் கை எட்டும். குத்துச்சண்டையும் நம் குத்துவரிசையும் அங்கே. அதற்கும் உள்ளே உடம்போடு உடம்பு ஒட்டும் தூரம். அது மல்யுத்தத்தின் இடம். கடைசியில், இருவரும் தரையில் விழுந்த பிறகு நடக்கும் போராட்டம்.

சிலம்பக்காரன் கற்பது முதல் தூரத்தை. எம்.எம்.ஏ. கற்பவன் பழகுவது மற்றவற்றை. மொட்டை மாடியில் நடந்தது இதுதான். சின்னவன் தன் தூரத்தைக் காக்கத் தவறினான். பெரியவன் தன் தூரத்துக்கு வந்து சேர்ந்தான்.

எம்.எம்.ஏ. எப்படிப் பிறந்தது?

எம்.எம்.ஏ. என்றால் 'மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்'. பல தற்காப்புக் கலைகளைக் கலந்து ஆடும் போட்டி. 1993 நவம்பர் 12-ம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் 'யு.எப்.சி.' என்ற போட்டி முதன்முதலாக நடந்தது. எட்டு மூலை கொண்ட வலைக்கூண்டு. எட்டு வீரர்கள். குத்துச்சண்டை, கராத்தே, சுமோ என்று ஆளுக்கொரு கலை. எந்தக் கலை சிறந்தது என்று பார்த்துவிடுவதுதான் நோக்கம்.

வென்றவர் யார் தெரியுமா? பார்க்க ஒல்லியாக இருந்த ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர். எடை சுமார் 80 கிலோதான். ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். பெரிய குத்து எதுவும் விடவில்லை. எதிராளியைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுபோய், அசைய விடாமல் பூட்டினார்.

அந்தக் கலை பிரேசிலுக்கு எங்கிருந்து வந்தது? ஜப்பானிலிருந்து! மிட்சுயோ மயீடா என்ற ஜூடோ வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸின் தம்பி ஹீலியோவின் மகன்தான் ராய்ஸ்.

ஆக, புதியது என்று நாம் நினைக்கும் எம்.எம்.ஏ., பழைய கலைகள் பெற்ற பிள்ளைதான்.

ஓர் ஆசிரியர் செய்த மாற்றம்

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. அவரும் என்னைப் போல வாத்தியார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் டோக்கியோ பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். 1882-ல் தன் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார்.

அந்தக் காலத்து ஜுஜுட்சு கலையில் எலும்பை முறிக்கும் பிடிகள் ஏராளம். அவற்றை நண்பன் மேல் முழு வேகத்தில் செய்து பார்க்க முடியுமா? கை உடைந்துவிடுமே! அதனால் 'நீ இப்படிச் செய், நான் இப்படி விழுகிறேன்' என்று பேசி வைத்துக்கொண்டு செய்வது வழக்கம். கானோ ஆபத்தான பிடிகளைப் பிரித்துத் தனியே பேசி வைத்த பயிற்சிக்கு ஒதுக்கினார். மிச்சம் இருந்தவற்றை மாணவர்கள் முழுப் பலத்தோடு, விட்டுக்கொடுக்காத எதிராளியோடு பழகினார்கள். தோற்றவன் எழுந்து மறுபடியும் வருவான். பெரிய காயம் படும் ஆபத்தும் குறைவு.

இதில்தான் பாடம் இருக்கிறது. பயங்கரமான நூறு அடிகளைக் காற்றில் மட்டும் பழகியவனை விட, சாதாரணமான பத்துப் பிடிகளை எதிர்க்கும் ஆளோடு பழகியவன் பதற்றம் இல்லாமல் செயல்படுவான். நீச்சலைத் தரையில் படுத்துக் கற்க முடியாது அல்லவா?

எம்.எம்.ஏ. பயிற்சியின் பலம் இதுவே. ஆனால் இது சிலம்பத்துக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். கம்பு நுனி எதிராளியின் உடம்பில் எத்தனை முறை தொட்டது என்று எண்ணி வெற்றியைச் சொல்லும் தொடுமுறைப் போட்டி நம்மிடம் இருக்கிறதே! சின்னவன் அதுவரை அலங்காரச் சுற்று மட்டுமே பழகியிருந்தான். குறை கலையில் இல்லை. அவன் அந்தப் படிக்கு இன்னும் போகவில்லை.

உறையூர் இளவரசன்

"தரையில் போட்டுப் பூட்டுறதெல்லாம் வெளிநாட்டுக் கலைதானே, தாத்தா?" என்று பெரியவன் கேட்டான்.

நான் அவனுக்கு உறையூரைக் காட்டினேன். எங்கள் தெருவிலிருந்து பஸ் பிடித்து, காந்தி மார்க்கெட்டைத் தாண்டிப் போனால் உறையூர் வந்துவிடும். சங்க காலத்தில் அது சோழர் தலைநகரம். அங்கே ஆண்ட தித்தன் என்பவனுடைய மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. இவன் ஆமூரைச் சேர்ந்த ஒரு பெரிய மல்லனோடு பொருது அவனை வீழ்த்தினான். சாத்தந்தையார் என்ற புலவர் இதைப் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 80-வது பாட்டு. இளவரசனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தியது, மற்றொரு கால் அவன் முயற்சியைத் தடுத்துப் பின்புறம் வளைத்தது என்று நேரில் பார்த்தது போலச் சொல்கிறார். மகனோடு மனத்தாங்கல் கொண்ட தந்தை இந்த வெற்றியைக் காணட்டும் என்றும் ஆசைப்படுகிறார்.

பெரியவன் வாயைப் பிளந்தான். "இது எங்க கிளாஸ்ல சொல்லித் தர்றதுதான் தாத்தா!" என்றான்.

எதைக் கற்கலாம்?

சிலம்பத்துக்குச் செலவு குறைவு. ஒரு கம்பும் வெற்றிடமும் போதும். வலக்கை, இடக்கை இரண்டும் சமமாகப் பழகும். காலடி வரிசையால் கால்களுக்கு உறுதியும் நிதானமும் வரும். வயதானாலும் ஆடலாம். தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த 'கேலோ இந்தியா' இளையோர் விளையாட்டில் அது செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது.

எம்.எம்.ஏ. பயிற்சியில் உடல் வலு, மூச்சுப் பிடிப்பு, கீழே விழுந்தாலும் பதறாத மனம் கிடைக்கும். தோற்கும்போது எதிராளியின் உடம்பைத் தட்டி 'போதும்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் தோற்கப் பழகுவதால் கர்வம் குறையும். ஆனால் நல்ல பயிற்சியாளரும் மெத்தை விரித்த இடமும் கட்டாயம் வேண்டும்.

ஒன்றைக் கற்றவர் மற்றொன்றிலும் சாதிக்கலாம். உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் முதலில் 'வூஷு' என்ற சீனத் தற்காப்புக் கலையில் தேசிய சாம்பியன். 2024 ஜூன் 8-ம் தேதி யு.எப்.சி. போட்டியில் பிரேசில் வீராங்கனையை வென்றார். அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

கவனம், குழந்தைகளே!

செல்போனில் பார்த்ததை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கழுத்தை நெரிக்கும் பிடியில் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, பத்து நொடிக்குள்ளேயே மயக்கம் வரலாம். விடாமல் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. தலையில் அடி வாங்குவதும் வளரும் பிள்ளைகளுக்குக் கூடாது. தலையில் அடிபட்டு வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் மறைக்காமல் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். கூண்டுச் சண்டையில் கூடக் கண்ணைக் குத்துவதும் கடிப்பதும் தடை. நடுவர் உண்டு, எடைப் பிரிவு உண்டு. மொட்டை மாடியில் இவை எதுவும் இல்லை!

இதைக் கேட்டதும் பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். "சாரிடா" என்று தம்பியிடம் சொன்னான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே சொன்னான்.

மறுநாள் மாலை கம்பு பரணிலிருந்து இறங்கியது. அண்ணனும் கூடப் போனான். சின்னவன் தன் ஆசானிடம், "என்னை எப்ப தொடுமுறை ஆட விடுவீங்க, மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறான். "அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்" என்றாராம் அவர். ஆசையாகக் கம்பை வாங்கிச் சுற்றிப் பார்த்த அண்ணனுக்கு முதல் அடி அவன் முழங்காலிலேயே விழுந்ததாம்! ஊருக்குக் கிளம்பும் முன் அவன் தம்பிக்குச் சரியாக விழுவது எப்படி என்று கற்றுக் கொடுத்தான். தம்பி அவனுக்கு முதல் காலடி வரிசையைக் கற்றுக் கொடுத்தான்.

உங்கள் ஊரிலும் கம்பு பழகிய தாத்தா ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரைத் தேடிப் போய், அவர் கற்ற முதல் பாடம் எது என்று கேட்டு வாருங்களேன்!