புதிதாக வந்த கடல் மீனுக்குத் தனித் தொட்டி

ஒரு மீனை வாங்கி, கடையிலிருந்த அத்தனை மீன்களையும் பறிகொடுத்தவன் நான். அதனால்தான் இவ்வாரம் இவ்விடயத்தை எழுதுகிறேன்.

கடல் அலங்கார மீன் வியாபாரத்தை ஆரம்பித்த புதிதில், பவுடர் புளூ எனும் நீல நிற மீன் ஒன்றை நல்ல விலை கொடுத்துக் கொள்வனவு செய்தேன். பார்வைக்கு ஒரு குறையுமில்லை. வந்த அன்றே பெரிய தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் அதன் செட்டைகளில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள். இரண்டொரு நாளில் அவை மறைய, சுகமாகிவிட்டது என்று நிம்மதியடைந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொட்டியிலிருந்த எல்லா மீன்களிலும் புள்ளிகள். ஒன்றும் மிஞ்சவில்லை.

புள்ளி மறைவது சுகமல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கிரிப்டோகேரியோன் எனப்படும் இந்த ஒட்டுண்ணி மீனின் தோலிலும் பூக்களிலும் 3 முதல் 7 நாட்கள் வரை தங்கியிருந்து, பின்பு கழன்று தரையில் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பலவாகப் பிரிந்து, பெரும்பாலும் 3 முதல் 28 நாட்களுக்குள் வெளியேறி அடுத்த மீனைத் தேடுகிறது. சில கூடுகள் 72 நாட்கள் வரைகூடப் பொறுத்திருக்கும்.

இப்போது எந்த மீன் வந்தாலும் முதலில் தனித் தொட்டிதான். 60 லீற்றர் கண்ணாடித் தொட்டி, நோயில்லாத தொட்டியில் ஊறிய ஸ்பொஞ் வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பீவீசீ குழாய்த் துண்டுகள், இவ்வளவும் போதும். மணலோ முருகைக்கல்லோ போட வேண்டாம். அவை மருந்தை உறிஞ்சிவிடும். வலையும் வாளியும் வேறாக இருக்கட்டும்.

தூரத்திலிருந்து வந்த பொலித்தீன் பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலப்பவர்கள் உண்டு. பை மூடியிருக்கும்வரை மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரை அமிலத்தன்மையாக வைத்திருப்பதால் அமோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். திறந்ததும் வாயு வெளியேற, அந்த நச்சு தலைதூக்கும். ஆகவே, மூடிய பையை மிதக்க விட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். தனித் தொட்டியின் உவர்ப்பை முன்கூட்டியே பை நீருக்கு நெருக்கமாக வைத்திருந்தால், திறந்தவுடன் மீனை மாற்றிவிடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வெண்புள்ளிக்குச் செம்பு மருந்து. செப்பு சல்பேற்றாயின் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். இரண்டு நாட்களில் படிப்படியாக இந்த அளவுக்குக் கொண்டுவந்து, பரிசோதனைப் பெட்டியால் தினமும் அளக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனே போய்விடும். போத்தலில் வரும் வேறு வகைச் செம்பு மருந்துகளுக்கு அளவும் வேறு, லேபலைப் பாருங்கள். கூட்டுக்குள் இருப்பதைச் செம்பு தொடாது. நீரில் நீந்தும் பருவத்தையே கொல்லும். எனவே நான் 30 நாட்கள் அளவைக் குறைய விடுவதில்லை. இறால், கடல் அனிமனி, பவளம் உள்ள தொட்டியில் இம்மருந்து வேண்டாம், அவை செத்துவிடும்.

நோய் கண்ட பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனின்றி விடுவதே பாதுகாப்பு.

ஒரு மாதம் முதல் முடங்குகிறதே என்று கேட்பீர்கள். முடங்கத்தான் செய்கிறது. கடந்த வாரமும் ஒருவர் தனித் தொட்டியிலிருந்த மீனைக் காட்டி, கேட்ட விலையைத் தருவதாகச் சொன்னார். இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கிறது என்றேன். முகம் சுளித்துப் போனவர், மறுநாள் முற்பணத்துடன் வந்தார்.