பாதரசச் சொட்டோடு நாற்பது வருஷம்

மயிரிழை போன்ற துளையுள்ள கண்ணாடிக் குழாய். அதன் நுனியில் பாதரசம் திரண்டு, மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சொட்டாகக் கரைசலுக்குள் விழுகிறது. இந்தச் சொட்டைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் கழித்தவர், பிராக் நகரத்துப் பேராசிரியர் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி.

1918-இல் முனைவர் பட்டத்துக்கான தேர்வில், போஹுமில் குச்செரா என்ற இயற்பியல் பேராசிரியர் பாதரசச் சொட்டைப் பற்றிக் கேள்வி கேட்டார். தன் அளவீடுகளில் கணக்கில் உதைத்த ஏதோ ஒன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பட்டம் கிடைத்தது; கேள்வி மட்டும் ஹெய்ரோவ்ஸ்கியை விடவில்லை. சொட்டுகளைச் சேகரித்து எடை போட்டார். மீண்டும் மீண்டும் எடை போட்டார். அலுப்பூட்டும் வேலைதான்.

1922 பிப்ரவரியில் தராசை ஒதுக்கிவிட்டு, சொட்டின் வழியே பாயும் மின்னோட்டத்தைக் கால்வனோமீட்டரில் பார்த்தார். அங்கேதான் விடை இருந்தது. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், கரைசலில் உள்ள ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய இடத்தில் மின்னோட்டத்தைப் படிபோல் உயர்த்துகிறது. முதலில் ஈயம், அடுத்து காட்மியம், பிறகு துத்தநாகம். படி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எந்த உலோகம் என்று தெரியும். எவ்வளவு உயரம் என்று பார்த்தால் அளவு தெரியும்.

மின்முனையாக ஏன் சொட்டு? திட உலோகத் தகட்டில் அழுக்குப் படியும், அடுத்த அளவீடு கெடும். சொட்டு விழுந்ததும் புத்தம்புதுப் பரப்பு வந்துவிடுகிறது. பழசு எதுவும் ஒட்டுவதில்லை. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குறிப்பது நேரம் தின்றது. ஜப்பானிலிருந்து வந்திருந்த மசுசோ ஷிகாடாவோடு சேர்ந்து, 1920-களின் நடுவில் ஒரு கருவியைச் செய்தார்: உருளை சுற்றச் சுற்ற மின்னழுத்தம் ஏறும், கால்வனோமீட்டர் கண்ணாடியிலிருந்து தெறிக்கும் ஒளி, உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் தானே கோடு வரையும். பெயர் போலரோகிராஃப். ஆய்வுக்கூடத்தில் தானாகவே பதிவுசெய்த முதல் கருவிகளில் இது ஒன்று.

1939-இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். யோஹான் பேம் என்ற ஜெர்மன் பேராசிரியரின் தயவில் ஆய்வு நிற்காமல் நடந்தது. 1950-இல் இந்த ஆய்வுமுறைக்கென்றே பிராகில் ஒரு நிறுவனம் வந்தது. 1959-இல் நோபல் பரிசு.

பாதரசம் நச்சு என்பதால் சொட்டு மின்முனை இன்று அரிதாகிவிட்டது. ஆனால் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிறோமே, அந்தச் சின்ன மெஷினும் ரத்தத் துளி வைக்கும் பட்டையில் பாயும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது.