ஆண்டுக்கு 45 நாள் ஓடும் கார்

துரையும் கிராணியும் ஓட்டி வந்த மோரிஸ் மைனர் கார் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் காரைச் சிங்கப்பூரில் சிலர் இன்றும் பிள்ளைபோல் வளர்க்கிறார்கள்.

அங்கே கார் வைத்திருப்பது எளிதல்ல. 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். பத்தாண்டு முடிந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும். 35 வயதைத் தாண்டிய பழைய கார்களுக்கு மட்டும் ஒரு தனித் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தால் சான்றிதழ் வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலைக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள் என்று எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்!

மீதி 320 நாள் நிற்கும் காரில் பாட்டரி இறங்கும். பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசின் பிடிக்கும். ஆகவே ஓட்டுவதைவிடப் பராமரிப்பதே பெரிய வேலை.

அந்த இஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தகடு வைத்துப் பார்ப்பார்கள். பிறகு கார்புரேட்டரைச் சிறிது சிறிதாகத் திருகி, சத்தம் சீராகும்வரை காது கொடுத்துக் கேட்பார்கள். 1998-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காப்பு. அதனால் அங்கே கெட்டியான வளையம் பொருத்துகிறார்கள்.

சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் லாரி டிரைவர் உங்கள் தோட்டத்திலும் இருப்பார். அவரிடம் பிள்ளைகளைச் சிறிது நேரம் உட்கார வையுங்கள். அந்தக் காது இல்லாவிட்டால் பழைய கார் வெறும் இரும்புதானே!