செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மளிகைக் கணக்கு!

"ராக்கெட் கதையா? அதெல்லாம் ஆம்பிளைப் பசங்க சமாசாரம். நமக்கு எதுக்கு?" என்று ஒதுக்கிவிடும் சகோதரிகளே, கொஞ்சம் நில்லுங்கள்! செவ்வாய்க் கிரகத்தில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் உயிர் பிழைக்கும் கதை இது. உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசி மளிகைக் கணக்குதான்!

அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீயரின் 'தி மார்ஷியன்' என்ற ஆங்கில நாவல் அது. 2013-இல் ஆர்.சி. ப்ரேயின் குரலிலும், 2020-இல் வில் வீட்டனின் குரலிலும் ஆடியோ புத்தகமாக வந்தது. கேட்டு முடிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும். "அவ்வளவு நேரம் யார் உட்காருவது?" என்கிறீர்களா? உட்காரவே வேண்டாம்! கீரை ஆயும்போதும், துணி மடிக்கும்போதும் தினம் அரை மணி கேட்டால் மூன்று வாரம் சுவையாக ஓடிவிடும்.

கதாநாயகன் மார்க் வாட்னி ஒரு தாவரவியல் நிபுணன். புழுதிப் புயலில் அவன் இறந்துவிட்டதாக நினைத்துக் கூட வந்த ஐவரும் கிளம்பிவிடுகிறார்கள். கையிருப்பு என்ன? ஆறு பேருக்கு 50 நாள் சாப்பாடு. ஒருவனுக்கு 300 நாள் வரும். அடுத்த விண்கலம் வரவோ நாலு வருஷம்!

என்ன செய்தான் தெரியுமா? பண்டிகை விருந்துக்காக வந்திருந்த பன்னிரண்டு உருளைக்கிழங்கைச் சமைக்காமல் விதைக் கிழங்காக நட்டுவிட்டான். செவ்வாய் மண்ணோடு பூமியிலிருந்து வந்த கொஞ்சம் மண், தன் கழிவே எரு, ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர்! நடுவே ஒரு வெடிவிபத்து வேறு. பிழைத்தானா இல்லையா என்பதை நீங்களே கேளுங்கள்.

இதைக் கேட்பதில் ஒரு தனி ருசி உண்டு. கதையின் பெரும்பகுதி அவனுடைய நாட்குறிப்பு. காதில் விழும்போது, பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுபோல் இருக்கும்.

கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருக்கும் இளம் தாய்க்கு இந்தத் துணை பெரிய விஷயம். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்க விழித்திருக்கும்போது, பேச ஆள் இல்லாத தனிமை இருக்கிறதே! வாட்னி நாலு வருஷத்தையும் ஒரேயடியாக நினைத்து மலைப்பதில்லை. இன்றைக்குக் காற்று, நாளைக்குத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கிறான். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தானே? ஆனால் மனச்சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கதை போதாது. டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அறிவியலும் கற்கலாம். செவ்வாயில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 24 மணி 40 நிமிடம். ஆனால் கதையில் வரும் அந்தப் புயல் நடக்காத காரியம். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணிலும் பெர்க்குளோரேட் என்ற தீய உப்பு இருப்பதை ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-இல் கண்டுபிடித்தது.

கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

* ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். குழந்தையின் அழுகையும் குக்கர் விசிலும் கேட்க வேண்டுமே!

* ஒலியை முழு அளவில் 60 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* ஆங்கிலம் வேகமாகத் தோன்றினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* வாட்னி கொஞ்சம் வாய் நீளம்! முதல் வரியிலேயே கெட்ட வார்த்தை வரும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

அடுத்த முறை உருளைக்கிழங்கு வாங்கும்போது முளைவிட்ட ஒன்றைத் தொட்டியில் நட்டுப் பாருங்களேன். நமக்குத்தான் மண்ணும் தண்ணீரும் காற்றும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதே!