சின்னம்மையும் தடுப்பூசியும்

மும்பையின் தாராவியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அப்பகுதியில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வசிக்கின்றனர். ஒரே அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீடுகளும் அங்கு உண்டு. அத்தகைய வீட்டில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை கண்டால், அது மற்றவர்களுக்கும் எளிதில் பரவிவிடும்.

நம் முன்னோர் இந்நோயை அம்மனின் வருகை என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். நோயாளியைத் தனியே படுக்கவைத்தனர். நோயாளியைத் தனிமைப்படுத்தும் வழக்கம் இன்றைய மருத்துவத்துக்கும் உடன்பாடானதே. ஆனால், ஒற்றை அறை வீட்டில் தனியிடம் ஏது? மேலும், கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள்கள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. எனவே, வருமுன் காப்பதே சிறந்த வழியாகும்.

சின்னம்மை ஒரு வைரஸால் உண்டாகிறது. அது உடலில் புகுந்த 10 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சலும் அரிப்புமிக்க கொப்புளங்களும் தோன்றும். பெரும்பாலான குழந்தைகள் விரைவில் நலம் பெறுவர். எனினும், சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ அழற்சி ஏற்படலாம். பச்சிளங்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் ஆபத்து மிகுதி.

1964ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷியின் மூன்று வயது மகனைச் சின்னம்மை கடுமையாகத் தாக்கியது. சிறுவன் பிழைத்தான்; தந்தையோ இந்நோயைத் தடுக்கும் வழியைத் தேடத் தொடங்கினார். வைரஸை ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1974இல் தடுப்பூசியை அறிமுகப்படுத்தினார்.

‘ஊசி தீங்கு செய்யுமோ?’ என்னும் அச்சம் மும்பைக்குப் புதிதன்று. 1896இல் இந்நகரில் பிளேக் நோய் பரவியது. வால்டிமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய தடுப்பூசியை, 1897 ஜனவரி 10 அன்று, முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பரேலில் இன்றும் உள்ளது. இக்காலத்தில் ஒருவரின் துணிவு மட்டும் சான்றாகாது. பல நாடுகளின் பல்லாண்டு அனுபவமே சான்று. அமெரிக்காவில் முன்பு ஆண்டுதோறும் சுமார் 40 இலட்சம் பேருக்குச் சின்னம்மை கண்டது; 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1995இல் தடுப்பூசி வந்தபின் நோய் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்தது.

ஊசி போட்ட இடத்தில் வலியோ சிவப்போ உண்டாகலாம். சிலருக்கு இலேசான காய்ச்சலும் சில தடிப்புகளும் தோன்றி மறையும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. கருவுற்றோரும் நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோரும் இதனைப் போட்டுக்கொள்ளலாகாது. அவர்களைச் சுற்றியுள்ளோர் போட்டுக்கொண்டால், அதுவே அவர்களுக்கும் அரணாகும்.

இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகம் 15ஆம் மாதம் முதல் இரு தவணைகளைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாமையால், பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சொற்பொருள்
அழற்சி – வீக்கமும் சிவப்பும் உண்டாதல்
அரண் – பாதுகாப்பு

விடையளிக்க
1. வேப்பிலை செருகும் வழக்கத்தில் மருத்துவத்துக்கு உடன்பாடானது எது?
2. தகஹாஷியை ஆய்வுக்குத் தூண்டிய நிகழ்ச்சி யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அம்மை பற்றிக் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.