தூளியா... தொட்டிலா... கட்டிலோரமா?

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் தேதியும் கொடுத்தாயிற்று. அப்போது ஆரம்பிக்கும் பாருங்கள், வீட்டுக்குள் ஒரு வட்டமேஜை மாநாடு! பேர் வைப்பது பற்றி அல்ல. அந்தச் சண்டை குழந்தை பிறந்த பிறகு. இது, 'குழந்தையை எங்கே படுக்க வைப்பது?' என்கிற சண்டை.

"ஹால் விட்டத்துல கொக்கி அப்படியே இருக்கு. பழைய நூல் புடவை ஒண்ணு எடுத்துத் தூளி கட்டிடலாம். நீ வளர்ந்ததே அதுலதானேடி!" - இது அம்மா.

"தூளியெல்லாம் வேணாம் அத்தை. ஆன்லைன்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். கட்டிலை ஒட்டினாப்ல நிக்கும். ஒரு பக்கத்து ஜிப்பை இறக்கினா குழந்தை கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்" - செல்போனில் படம் காட்டியபடி மாப்பிள்ளை.

"பெத்தவ பக்கத்துல கதகதப்பா படுக்க வேண்டிய பிள்ளையை எதுக்குய்யா கூண்டுல போடறீங்க?" - மூலையிலிருந்து பாட்டி.

வேடிக்கை என்னவென்றால், மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது!

மாப்பிள்ளை காட்டுகிற சமாசாரத்துக்குக் கடையில் 'பெட்சைட் க்ரிப்' என்று பெயர். நாம் கட்டிலோரத் தொட்டில் என்று வைத்துக்கொள்வோம். நாலு கால், சுற்றிலும் காற்றுப் போகிற வலைத்துணி, உள்ளே தட்டையான ஒரு குட்டி மெத்தை. அம்மா படுக்கிற பக்கத்தில் மட்டும் தடுப்பு தாழ்வாக இருக்கும். ராத்திரி மூன்று மணிக்குப் பாப்பா சிணுங்கினால், சிசேரியன் தையலோடு எழுந்து தள்ளாடி நடக்க வேண்டாம். திரும்பிக் கையை நீட்டினால் போதும்.

பாட்டி சொல்வது போல, குழந்தை அம்மாவின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரே படுக்கையில் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட யோசனையும் இதுதான்: முதல் ஆறு மாதமாவது ஒரே அறை, ஆனால் தனிப் படுக்கை. பெரியவர்களின் மெத்தை அழுந்தும். தலையணை சரியும். போர்வை முகத்தில் ஏறும். கும்பகர்ணன் பரம்பரையில் வந்த அப்பா புரண்டு படுப்பார். பிறந்த குழந்தைக்கு மூக்கை அடைத்த துணியைத் தள்ளிவிடத் தெரியாது. மூச்சு முட்டுகிற குழந்தை கத்தாது. அதுதான் இதில் பயங்கரம். அமெரிக்காவில் மட்டும் தூக்கத்தின்போது இறந்துபோகும் கைக்குழந்தைகள் வருஷத்துக்குச் சுமார் 3,500.

பக்கத்தில் படுப்பவர் குடித்திருந்தாலோ, புகைபிடிப்பவராக இருந்தாலோ, தூக்கம் வரவழைக்கிற மருந்து சாப்பிட்டிருந்தாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாக இருந்தாலோ ஆபத்து இன்னும் ஏறும். எல்லாவற்றையும்விட மோசம் சோபா. பால் கொடுத்துக்கொண்டே சோபாவில் கண் அசந்துபோவதற்கு, கட்டிலில் அசந்துபோவது எவ்வளவோ தேவலை.

சரி, எப்படிப் படுக்க வைப்பது? மல்லாக்கத்தான்.

"மல்லாக்கப் போட்டா, கக்கினது புரையேறிடுமே?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். ஏறாது பெரியம்மா! மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கியது கீழே உள்ள வழியிலேயே திரும்பப் போய்விடும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

இதில் மேல்நாட்டுக்காரர்கள் பட்டதுதான் பெரிய கதை. டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் 1946-ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்றது. அம்மாக்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். காரணம் தெரியாமலே குழந்தைகள் தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. பிரிட்டனில் பிரபல டி.வி. அறிவிப்பாளர் ஆன் டயமண்ட். அவருடைய நாலு மாத மகன் செபாஸ்டியன் 1991 ஜூலையில் தொட்டிலிலேயே இறந்து கிடந்தான். 'குப்புறப் போடாதீர்கள்' என்று பிரசாரம் செய்து மரணங்களைக் குறைத்திருந்த நாடு நியூஸிலாந்து. ஆன் டயமண்ட் அங்கேயே நேரில் போய் விவரம் தெரிந்துகொண்டு வந்து, சொந்த நாட்டு அரசாங்கத்தை விடாமல் நச்சரித்தார். 1991 டிசம்பரில் பிரிட்டனிலும் பிரசாரம் தொடங்கியது. சில வருஷங்களுக்குள் அங்கே இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே போய்விட்டன. மருந்தில்லை, மாத்திரை இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்!

நம் ஊர்த் தூளியில் குழந்தையைக் குப்புறப் போடவே முடியாது. அந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார்கள் டாக்டர் ஸ்பாக்குக்கே வகுப்பு எடுத்திருக்கலாம்!

ஆனால் தூளிக்கு வேறொரு சிக்கல் உண்டு. அதன் வளைவு. பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. வளைவில் கிடக்கும்போது மோவாய் மார்பில் போய் இடிக்கும். உறிஞ்சுகுழல் மடங்கினால் ஜூஸ் வருமா? அதே கதைதான் மூச்சுக்கும். வளைவு கூட வேண்டாம், வெறும் சாய்வே போதும் என்று காட்டியது ஒரு அமெரிக்க விவகாரம். ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி 2009-ல் 'ராக் அண்ட் ப்ளே' என்று ஒரு சாய்வுத் தொட்டிலை விற்பனைக்கு விட்டது. அமோக விற்பனை. 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. 2023-ல் அந்த நாட்டுப் பொருள் பாதுகாப்புக் கமிஷன் சொன்ன கணக்குப்படி, அதில் படுத்திருந்தபோது இறந்ததாகப் புகாரான குழந்தைகள் சுமார் நூறு. இப்போது அங்கே குழந்தை தூங்குவதற்கென்று விற்கும் எந்தப் படுக்கையும் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது.

அதனால் தூளியைக் கொளுத்திவிடச் சொல்கிறேனா? இல்லை. அழுகிற குழந்தையை அமர்த்த, பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தபடி ஆட்டட்டும். தூங்கியதும் எடுத்துத் தட்டையான படுக்கையில் போட்டுவிட வேண்டும். ராத்திரி முழுக்கத் தூளி என்பது வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் புடவையை அவிழ்த்து எடுத்துவிடுங்கள். தூளியில் ஊஞ்சலாடிய அண்ணன், அக்கா கழுத்தில் துணி சுற்றி உயிர் போன செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

இனி மாப்பிள்ளையின் செல்போனுக்கு வருவோம். 'ஆர்டர்' பட்டனை அமுக்குவதற்கு முன்னால், சார், இஞ்ச் டேப்பை எடுங்கள். முதலில் அளக்க வேண்டியது தொட்டிலை அல்ல, உங்கள் கட்டிலை!

பெரும்பாலான கட்டிலோரத் தொட்டில்களின் கால், பெரியவர்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்து நிற்க வேண்டும். நம் வீடுகளில் என்ன கட்டில்? அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில். உள்ளே கொலு பொம்மை, பழைய பாத்திரம், கல்யாண ஆல்பம். அதன் அடியில் எறும்பு கூட நுழையாது, தொட்டில் கால் எங்கே நுழையும்? பட்டையைச் சுற்றிக் கட்டவும் வழி இருக்காது. இப்படிக் கட்டில் உள்ளவர்கள் தொட்டிலின் நாலு பக்கத் தடுப்பையும் ஏற்றிவிட்டு, தனித் தொட்டிலாகக் கட்டில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை. எழுந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது உயரம். இறக்கிய தடுப்பின் மேல் விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தைக்காரர்களே, உஷார்! வெயிலில் காயப்போட்டு எடுத்தால் மெத்தை உப்பி நிற்கும். பத்து நாளில் அமுங்கிவிடும். ஆள் படுத்திருக்கும்போது அளந்து பாருங்கள். தடுப்பே இல்லாமல் முழுக்கத் திறந்துகிடக்கிற தொட்டில் அழகாக இருக்கலாம், வாங்காதீர்கள். ஐரோப்பாவின் 2019 தரவிதிப்படி, குழந்தையின் மெத்தைக்கு மேலே குறைந்தது 12 சென்டிமீட்டர் தடுப்பு அந்தப் பக்கத்திலும் இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் இடுக்கு. தொட்டிலுக்கும் உங்கள் மெத்தைக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. கூடவே வரும் பட்டை சும்மா அலங்காரத்துக்கு அல்ல. அதைக் கட்டில் சட்டத்தில், கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே இழுத்து மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு உங்கள் மெத்தையில் படுத்து, புரண்டு, தொட்டிலை முழங்கையால் தள்ளிப் பாருங்கள். நகர்கிறதா? அப்படியானால் மாட்டியது சரியில்லை. "ஒரு துண்டைச் சுருட்டி இடுக்குல செருகிட்டா போச்சு!" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடாது. குழந்தையின் முகம் போய்ப் புதைவதற்கு நாமே இடம் தயார் பண்ணிக் கொடுத்த மாதிரி. பட்டையை முதல் நாள் மட்டுமல்ல, தினமும் படுக்குமுன் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதை மாப்பிள்ளையின் டியூட்டியாக்கிவிடுங்கள். சக்கரம் வைத்த மாடல் என்றால் பூட்டு, ஆடுகிற மாடல் என்றால் அதை அசையாமல் நிறுத்தும் கொக்கி, இரண்டையும் சேர்த்து.

தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டில் பரணில் இருக்கிறதா? கம்பிக்குக் கம்பி 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வேண்டாம். குளிர்பான டின் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். டின் நுழைந்தால் குழந்தையின் உடம்பும் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும்.

உள்ளே என்னென்ன வைக்கலாம்? குழந்தையை. வேறு ஒன்றும் கிடையாது!

இங்கேதான் வீட்டில் புயல் கிளம்பும். தலை உருண்டையாக வருவதற்குக் கடுகுத் தலையணை, குழந்தை பயப்படாமலிருக்கத் தலைமாட்டில் பாக்குவெட்டி, சித்தி வாங்கி வந்த கரடி பொம்மை, மாமா வாங்கி வந்த இன்னொரு கரடி பொம்மை... எல்லாம் வெளியே. பாக்குவெட்டி இருந்தால்தான் நிம்மதி என்றால், தொட்டிலுக்கு அடியில் தரையில் இருந்துவிட்டுப் போகட்டும். திருஷ்டிக்கு உயரம் ஒரு பொருட்டா என்ன? வசம்பு வளையல் கையில் இருந்தாலும், கழுத்தில் கறுப்புக் கயிறு, மணிச்சரடு எதுவும் தூங்கும்போது வேண்டாம். தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. பகலில் விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள்.

மெத்தை அழுத்தினால் குழி விழக் கூடாது. "ஐயோ, கல்லு மாதிரி இருக்கே!" என்று பாட்டி உருகினால், நல்ல மெத்தைதான் வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தொட்டிலோடு வந்த மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தை போடாதீர்கள். அதன் ஓரத்தில் ஓர் இடுக்கு உண்டாகும். மே மாதத்துச் சென்னையில் குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், மேலே இரண்டு துவாலை என்று ஊட்டிக் கோலம் போடுகிறார்களே, அதுவும் ஆபத்து. உடம்பு அதிகமாகச் சூடாவது தூக்கத்து மரணங்களுக்கு ஒரு காரணம். கொசுவுக்கு வலையைத் தொட்டிலுக்கு வெளியே, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். அறைக்குள் கொசுவர்த்திப் புகையும், கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணியும் வேண்டாம்.

கட்டிலே இல்லாத வீடு? நம்மில் பாதிப் பேர் பாய்க்காரர்கள்தானே! இதற்காக ஒரு தொட்டில் வாங்கிக் கடனாளியாக வேண்டாம். அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில், சுவரை ஒட்டாமல், குழந்தைக்குத் தனியாக ஒரு சின்னப் பாய். அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து மடித்த ஜமக்காளம். மேலே குடை வலை. பெரியவர்களின் போர்வை அந்த எல்லைக்குள் வரக் கூடாது. மூத்த பிள்ளையை அப்பாவுக்கு அந்தப் பக்கம் படுக்க வையுங்கள். பின்லாந்து அரசாங்கம் 1938-லிருந்து தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுத்து வருகிறது. துணிமணியோடு அடியில் ஒரு குட்டி மெத்தையும் இருக்கும். துணிகளை எடுத்துவிட்டால் அந்த அட்டைப் பெட்டிதான் குழந்தையின் முதல் படுக்கை! பாட்டி 'கூண்டு' என்று கேலி செய்தாரே, அங்கே மூன்று தலைமுறை பெட்டிக்குள்ளேயே தூங்கி வளர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. கட்டிலோரத் தொட்டிலுக்கு ஆயுசு குறைவு. குழந்தை தானாகப் புரள ஆரம்பித்தாலோ, கையை ஊன்றி எழும்பப் பார்த்தாலோ, பெரும்பாலும் ஐந்து ஆறு மாதத்தில், அதை ஓரங்கட்டிவிட வேண்டும். துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைக்கிற வழக்கத்தைப் புரள்வதற்கான முதல் அறிகுறி தெரிந்தவுடனே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் உயரமான தடுப்புள்ள பெரிய தொட்டில், இல்லையென்றால் தரை. ஓரங்கட்டிய தொட்டிலை நாத்தனார் பிரசவத்துக்குக் கொடுக்கும்போது ஸ்க்ரூ, பட்டை, கம்பெனி புத்தகம் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுங்கள். கொடுக்க ஆள் கிடைக்காத வீடுகளில் அது இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிக்கூடையாக மாறி, இன்னும் இரண்டு வருஷம் ஜோராக உழைக்கிறது!